காலையில் போய் இரவுக்குள் திரும்ப: சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாரு, கேள்வி பதில்

சிங்கப்பூரிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி ஒரு நாள் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு, சுருக்கமாக ஜேபிக்கு, போய்வர நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள், வேலை அனுமதியில் இங்கே வந்து முதல்முறை எல்லை தாண்டுகிறவர்கள், எல்லோரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஜேபிக்கு ஒரு நாள் போதுமா?

கடற்பாலம் ஒத்துழைத்தால் தாராளமாகப் போதும். உட்லண்ட்சுக்கும் ஜேபிக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 1923-ல் முதலில் ரயில்கள் அதன்மேல் ஓடின. 1924 ஜூனில் முறைப்படி திறந்தார்கள். இன்றைக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை ஒரே நாளில் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். கூட்டமில்லாத வேளையில் இரு நாட்டுச் சோதனையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் அக்கரையில் இருக்கலாம். நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையில் அதே தூரத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகிவிடுகிறது.

அதனால் முதலில் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். அடுத்து, ஊரில் எந்த ஒரு பகுதியில் சுற்றப் போகிறீர்கள் என்பதை. வாங்க வேண்டிய சாமான் பட்டியல் அப்புறம்தான். பட்டியலில் தொடங்குகிறவர்கள் நான்கு கடைத்தொகுதிகளுக்கு ஓடி, பாதி நாளை வண்டியிலேயே கழித்துவிட்டு, களைத்துப்போய் வரிசையில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன்.

எந்த நாளில், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

முடிந்தால் செவ்வாய், புதன், வியாழன். வார நாட்களில் விடியற்காலை நாலு மணியிலிருந்தே ஜொகூரில் வசிக்கும் தொழிலாளர்கள் மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் சிங்கப்பூருக்கு வரத் தொடங்குகிறார்கள். மாலையில் வீடு திரும்புகிறார்கள். காலையில் போய் மாலையில் வரும் நீங்கள் இரண்டு முறையும் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறீர்கள். வார நாளில் ஒரு நாள் விடுப்பு எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சனிக்கிழமைதான் முடியும் என்றால் காலை ஆறரைக்குள் உட்லண்ட்சில் இருங்கள். கடைத்தொகுதிகள் பத்து மணிவாக்கில்தான் திறக்கும், பரவாயில்லை. பசியாறுவதற்கு ஊரில் இடமா இல்லை? ஞாயிறு மாலை திரும்புவதைத் தவிர்க்கப் பாருங்கள். ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். இப்போது இரு கரைக்கும் ஒரே விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை கடைகளிலும் நெரிசல், பாலத்திலும் நெரிசல். வெள்ளிக்கிழமை போனால் நண்பகல் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகளும் உணவகங்களும் சற்று நேரம் மூடியிருக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ். அதோடு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை. 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு இல்லை; கணவருக்குத் தேவையில்லை, மனைவிக்குத் தேவை என்ற நிலை பல வீடுகளில் இருக்கிறது. அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் உடனே மூடிவிடுங்கள்.

நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லையா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு நாள் பயணம்தானே என்று பலர் இதை யோசிப்பதில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகலாமா?

போகலாம். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போகலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வருகை அட்டையை அவர்களுக்கும் நிரப்ப வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடம் திரும்பி வருவது. அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். ஒருமுறை நுழையும் விசாவாக இருந்தால் ஜேபிக்குள் கால் வைத்த பிறகு அவர்களால் சிங்கப்பூருக்குத் திரும்ப முடியாது. வயதானவர்களை அந்த நிலையில் நிறுத்திவிடக் கூடாது. அடுத்து, திரும்பும்போது சிங்கப்பூரின் வருகை அட்டையையும் அவர்களுக்காகப் புதிதாக நிரப்ப வேண்டும். குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி உள்ளவர்கள் தரைவழியாக வந்தால் அது வேண்டியதில்லை, சுற்றுப்பயணிகளுக்கு வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே கைப்பேசியில் நிரப்பிவிட்டால் நிம்மதி.

பஸ்ஸில் எப்படிப் போவது? முதல்முறை என்றால் குழப்பமாக இருக்குமே?

முதல்முறை குழப்பம்தான், ஒருமுறை போய்விட்டால் பழகிவிடும். உட்லண்ட்சிலிருந்து 950, கிராஞ்சியிலிருந்து 170எக்ஸ், ஜூரோங்கிலிருந்து 160, பூகிஸ் அருகே குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170. இவை எல்லாவற்றிலும் வழக்கமான பயண அட்டையே செல்லும். மஞ்சள் நிறத்தில் ஓடும் காஸ்வே லிங்க் பஸ்களும் உண்டு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவிலோ அதைச் சுற்றியோ இருப்பவர்களுக்கு குவீன் ஸ்திரீட் வசதி.

பஸ் முதலில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்கும். எல்லோரும் எல்லாப் பைகளோடும் இறங்க வேண்டும். மின்படியில் மேலே ஏறி, தானியக்கத் தடத்தில் கடப்பிதழைக் காட்டிவிட்டு மறுபக்கம் கீழே இறங்கினால் பஸ் எண் வாரியாக வரிசைகள் இருக்கும். நீங்கள் வந்த அதே வண்டி உங்களுக்காகக் காத்திருக்காது. அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். மஞ்சள் பஸ் என்றால் காகிதச் சீட்டைத் தொலைக்காமல் கையில் வைத்திருங்கள். பாலத்தைக் கடந்ததும் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மறுபடி இறங்கி, மேலே ஏறி, மலேசியக் குடிநுழைவு. முகப்பில் இரு கை ஆட்காட்டி விரல்களின் ரேகையை வைக்கச் சொல்வார்கள். சுங்கச் சோதனையில் பைகளைக் கருவியில் விட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், நேராக ஒரு மேல்நடைபாதை ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும், அதைத் தாண்டி சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்கும் போகிறது. ஊரின் நடுவே சுற்றப் போகிறவர்கள் இங்கேயே நடக்கத் தொடங்கலாம். கீழே போய் மறுபடி பஸ் ஏறுவது லார்க்கின் பஸ் நிலையம் வரை போகிறவர்களுக்குத்தான்.

ரயில் நல்லதா?

இடம் கிடைத்தால் அதைவிடச் சுகமான வழி இல்லை. தெப்ராவ் ஷட்டில் என்ற பெயரில் 2015 ஜூலையிலிருந்து மலேசிய ரயில் நிறுவனம் ஓட்டுகிறது; உட்லண்ட்சில் ஏறினால் ஐந்தே நிமிடம். போகும்போது இரு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியிலேயே முடிந்துவிடும். இறங்கியதும் ஜேபி சென்ட்ரல், படியேறினால் கடைவீதி. சிங்கப்பூரிலிருந்து போக 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அங்கிருந்து வர 5 ரிங்கிட் என்று கட்டணம் வைத்திருந்தார்கள், அதனால் திரும்பும் பயணம் மலிவு. வார இறுதிச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன, அதுதான் தொல்லை. காலையில் பஸ்ஸில் போய்விட்டு, திரும்புவதற்கு மட்டும் ரயிலில் பதிவு செய்வது நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. கை நிறையப் பை இருக்கும்போதுதான் ரயிலின் அருமை தெரியும்.

புதிய ஆர்டிஎஸ் ரயில் வந்தால்?

ஆர்டிஎஸ் என்பது எல்லை தாண்டி ஓடப்போகும் புதிய விரைவு ரயில். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜேபியின் புக்கிட் சாகாருக்கும் இடையே 4 கிலோமீட்டர் பாதை. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும்படி கட்டுகிறார்கள். 2026 இறுதிக்குள் ஓட்டத் தொடங்குவது திட்டம். புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் நடக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் மேலே பஸ் பற்றி எழுதியதில் பாதி பலருக்குத் தேவைப்படாது. நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.

சொந்தக் காரில் போகலாமா?

நகர நடுவே சுற்றுவதற்கு வேண்டாம். தெப்ராவ், குலாய் பக்கம் போகிறீர்கள், கைக்குழந்தை இருக்கிறது, சாமான் அதிகம் என்றால் சரி. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அது இல்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். சாலைக் கட்டணத்துக்கும் டோலுக்கும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். அங்கே நிரப்பினாலும் மானிய விலையிலுள்ள ரான் 95 ரகப் பெட்ரோல் வெளிநாட்டு வாகனங்களுக்குக் கிடையாது, ரான் 97 போடுங்கள். ஜூரோங், துவாஸ் பக்கம் வசிப்பவர்களுக்கு 1998-ல் திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலம் பக்கம்.

போய் இறங்கியதும் எங்கே சுற்றுவது?

முதல்முறை போகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வண்டி ஏறாதீர்கள், நடங்கள்.

சிட்டி ஸ்குவேருக்கும் அடுத்துள்ள கொம்தாருக்கும் சோதனைச்சாவடியிலிருந்து கூரையின் கீழேயே நடந்துவிடலாம். மழை, வெயில் கவலை இல்லை. முகப்பு வழியாக வெளியே வந்தால் ஜாலான் வோங் ஆ ஃபூக். அதைக் கடந்து உள்ளே போனால் ஜாலான் உங்கு புவான். ஜேபியின் லிட்டில் இந்தியா இதுதான். பூக்கடை, மளிகை, பாத்திரம், வளையல், சேலை, பஞ்சாபி உடை என்று நம் ஆட்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ராஜமாரியம்மன் கோயில் அங்கேயே இருக்கிறது. சற்றுத் தள்ளி ஜாலான் துருஸில் குருத்வாராவும் பழைய சீனக் கோயிலும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தத் தெருக்களில் நடக்கவே இடமிருக்காது. கடைக்காரர்கள் தமிழில் பேசி, துணியை மேசையில் பிரித்துப் போட்டு, "பார்த்துப் போட்டுத் தரேம்மா, எடுத்துக்குங்க" என்பார்கள். பேரம் பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைத்தொகுதியில் கிடைக்காத இந்தப் பேச்சுக்காகவே நான் இந்தத் தெருவைச் சொல்கிறேன்.

இரண்டு தெரு தள்ளி ஜாலான் டான் ஹியோக் நீ. பழைய கடைவீடுகள், காப்பிக் கடைகள். 1919-லிருந்து நடக்கும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடையில் விறகடுப்பில் சுட்ட வாழைப்பழக் கேக் கிடைக்கும். சுடச்சுட வாங்கிக் காகிதப் பெட்டியில் கட்டிக்கொண்டு வரலாம். வரிசை நீளமாக இருந்தாலும் வேகமாக நகரும்.

நேரம் இருந்தால் கிராப் செயலியில் வாடகைக் கார் பிடித்து ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போங்கள். ரயில் பாதையை ஒட்டி 1922-ல் சிறு குடிசையாகத் தொடங்கிய கோயில். சுவர், தூண், கூரை என்று எங்கு பார்த்தாலும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள். மூன்று லட்சம் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அம்மாமார்கள் அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் நிற்பார்கள்.

பெரிய கடைத்தொகுதிதான் வேண்டும் என்றால் 2019-ல் திறந்த மிட் வேலி சவுத்கீ, அல்லது தெப்ராவ் பக்கம் இக்கியாவும் டாப்பனும் ஏயோனும் அருகருகே இருக்கும் இடம். இரண்டில் ஒன்றைத்தான் ஒரு நாளில் உருப்படியாகப் பார்க்க முடியும். குலாய் பக்கமிருக்கும் ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் தனியாக ஒரு நாள் கேட்கும்.

எதை வாங்கினால் லாபம்?

ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது என்பதால் எல்லாமே மலிவு என்று தோன்றும். ஆனால் பெயர்பெற்ற பன்னாட்டு உடைகளும் கைப்பேசிகளும் இரு கரையிலும் ஏறத்தாழ ஒரே விலைதான். உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும் என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அவற்றை இங்கேயே வாங்குங்கள். மளிகை, சோப்பு, பிள்ளைகளின் பள்ளிக் காலணி, வீட்டுத் துணிகள், பாத்திரம், முடிவெட்டு, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றில் மிச்சம் நன்றாகத் தெரியும்.

மூக்குக்கண்ணாடி என்றால் போனவுடன் முதல் வேலையாகக் கண்ணைக் காட்டிவிட்டு வந்துவிடுங்கள். சாதாரணப் பவர் என்றால் சில மணி நேரத்தில் தயாராகிவிடும்; திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளலாம். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் இன்னொரு முறை வர வேண்டியிருக்கும் என்று தெரிந்தே கொடுங்கள். எடைமிக்க சாமான்களைக் கடைசியில் வாங்குங்கள். அரிசி மூட்டையோடு கோயிலுக்குள் போக முடியாது.

கையில் ரொக்கம் வேண்டுமா?

வேண்டும். கடைத்தொகுதிகளில் அட்டை செல்லும், சிங்கப்பூர் வங்கிச் செயலிகள் சிலவற்றால் கியூஆர் வழியாகவும் கட்டலாம். உங்கு புவான் தெருப் பூக்காரரிடமும் சிறு உணவுக்கடையிலும் ரிங்கிட் நோட்டுதான் வசதி. தேக்காவிலேயே மாற்றிக்கொண்டு போகலாம்.

திரும்பும்போது வரி கட்ட வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி மதிப்புள்ள புதிய பொருட்கள் வரை பொருள், சேவை வரி விலக்கு. 500 வெள்ளி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம்; அது 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவர்களுக்கு. நாம் போவது ஒரு நாள், எனவே 100 தான். 160 வெள்ளிக்குச் சேலை எடுத்தால் மிச்சம் 60 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 5 வெள்ளி 40 காசு. அவ்வளவு சின்னத் தொகையைக் கட்டாமல் ஒளித்து, பிடிபட்டு அபராதம் கட்டுவதில் என்ன பொருள்? ரசீதுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள், சுங்கத்தில் பொருட்களை அறிவிப்பதற்கான சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்த 100 வெள்ளி விலக்கே கிடையாது. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் அதே 160 வெள்ளிச் சேலைக்கு 14 வெள்ளி 40 காசு கட்ட வேண்டும். நகை வாங்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, இங்கே வாங்குவதைவிட அது உண்மையிலேயே மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

எதைக் கொண்டுவரவே கூடாது?

சூயிங் கம், மின்சிகரெட், பட்டாசு. மூன்றும் தடை. தீபாவளி நேரத்தில் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று பட்டாசுச் சரத்தைப் பைக்குள் திணிக்காதீர்கள். மதுவுக்கு மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தீர்வைச் சலுகை இல்லை, ஒரு போத்தலானாலும் வரி உண்டு. சிகரெட்டுக்குச் சலுகை எங்கிருந்து வந்தாலும் இல்லை. திறந்த பெட்டியில் மிச்சமிருப்பதையும் அறிவிக்க வேண்டும். இறைச்சி வகைகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வேண்டிய அளவு பழம், காய்கறிக்குப் பிரச்சினை இல்லை.

சாப்பாடு?

ஜாலான் வோங் ஆ ஃபூக்கில் காம் லோங் கடையின் மீன்தலைக் கறிக்குப் பேர் உண்டு. பதினொரு மணிக்கே வரிசை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உங்கு புவான், துருஸ் பக்கம் வாழையிலைச் சாப்பாடும் தோசையும் கிடைக்கும். ஒரு மணிக் கூட்டத்துக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

பாதுகாப்பாக இருக்குமா?

இருக்கும். பெரிய ஊருக்குரிய எச்சரிக்கை போதும். கைப்பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாமல் கடைப் பக்கத் தோளில் மாட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பது நடக்கிறது. கடப்பிதழை உள்பையில் வையுங்கள். இருட்டிய பிறகு ஆளில்லாத சந்துகள் வேண்டாம்.

வயதானவர்கள், சிறுபிள்ளைகளால் முடியுமா?

முடியும், வார நாளில். இரு சோதனைச்சாவடிகளிலும் நின்றும் நடந்தும் ஏறியும் இறங்கியும்தான் போக வேண்டும். மின்தூக்கிகள் இருக்கின்றன, தேடிப் போங்கள். தண்ணீர், பிஸ்கட், மாத்திரை கையிலேயே இருக்கட்டும். பாலத்தில் பஸ் நின்றுவிட்டால் நடுவில் கழிவறை கிடையாது, எனவே குடிநுழைவைத் தாண்டும் முன் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்விடுங்கள். நெரிசலில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலத்தில் நடக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். பிள்ளைகளையோ பெரியவர்களையோ வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

திரும்ப எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

வார நாளில் மாலை ஆறு, ஏழு மணி வசதியானது. சனி, ஞாயிறில் மூன்று மணிக்கெல்லாம் சோதனைச்சாவடிக்கு வந்துவிடுங்கள்; முடியாவிட்டால் இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு பத்து மணிக்கு மேல் வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் கஷ்டம். கிளம்பும் முன் சிங்கப்பூர்ப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் பாலத்தின் நேரடிக் கேமராப் படங்களைப் பாருங்கள். வண்டிகள் அசையாமல் நின்றால் சிட்டி ஸ்குவேரில் இன்னொரு காப்பி குடித்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள்.